சாமி மேளமும் தரங்கம்பாடியும்

நவம்பர் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து வழமையான படிவம் வந்தது. கிறிஸ்மஸுக்கு முன் வகுப்புப் பிள்ளைகள் தேவாலயத்துக்குப் போகிறார்கள். உங்கட பிள்ளையும் போகுமா, இல்லாவிட்டால் பள்ளியில் நடக்கிற மற்ற நிகழ்ச்சியில் சேருமா? ஒவ்வொரு வருசமும் யோசிக்காமல் "போகும்" என்று போட்டு அனுப்பிவிடுவேன். இந்த முறை மகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாங்கள் முருகன் கோயிலுக்குத்தானே போறனாங்கள். பிறகேன் இதுக்கும் போறம்?"

குசினிக்குள் இருந்து அம்மா பதில் சொன்னார்: "போனால் என்ன பிள்ளை, மடு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தாத ஆளே நான்?"

அம்மாவுக்கு அந்தப் பதில் போதும். மகளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

அந்தக் கிழமை அவளுக்கு வகுப்பில் நோர்வேயின் பழங்குடிகளான சாமி மக்களைப் பற்றிப் பாடம். "சாமி என்டா கடவுள்தானே?" என்று சிரித்தாள். பெயரில் மட்டும்தான் ஒற்றுமை என்று சொல்லிவிட்டேன். பிறகு தேடிப் படித்தபோதுதான், அவர்களுக்கும் எங்களுக்கும் இன்னொரு தொடர்பு இருப்பது தெரிந்தது.

1814 வரை நோர்வே டென்மார்க் மன்னருக்குக் கீழே இருந்தது. அந்த மன்னர்களில் ஒருவரான நான்காம் பிரெடரிக் அனுப்பித்தான் சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1714இல் மன்னர் கோபன்ஹேகனில் மிஷன் வேலைகளுக்கென்றே ஒரு அலுவலகம் தொடங்கினார். தரங்கம்பாடி வேலை அதன் பொறுப்பில் வந்தது. 1716இலிருந்து துரொண்ஹெய்ம்காரரான தோமாஸ் வான் வெஸ்டனை வடக்கே சாமி மக்களிடம் அனுப்பியதும் அதே அலுவலகம்தான். ஒரே மேசையிலிருந்து ஒரு கடிதம் காவிரிக் கரைக்கும், இன்னொன்று பனிப்பிரதேசத்துக்கும் போயிருக்கிறது.

இரண்டு பேரும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனார்கள்: அந்தந்த மக்களின் மொழியில்தான் போதிக்க வேண்டும். சீகன்பால்க் தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். சிவன், விஷ்ணு முதல் ஊர்த் தெய்வங்கள் வரை விவரித்து 1713இல் ஒரு நூலும் எழுதினார். ஜெர்மனியில் இருந்த அவருடைய பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

ஆனால் இரண்டு கரையிலும் நடந்தது ஒன்றல்ல. சாமி மக்களின் பூசாரிகள், தெய்வங்களின் உருவங்கள் வரைந்த மேளத்தைத் தட்டிக் குறி சொல்வார்கள். எங்கட ஊரில் கலை வந்து வாக்குச் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மேளம் வைத்திருப்பதே குற்றமாகியது. வான் வெஸ்டன் வருவதற்கு முன்பே, 1691இல், அண்டர்ஸ் பௌல்சன் என்ற முதியவரின் மேளத்தைப் பறித்து, 1692இல் வாட்சோ நகரில் அவரைச் சூனிய வழக்கில் நிறுத்தினார்கள். தீர்ப்பு வருவதற்குள் காவலிலேயே அவர் கொல்லப்பட்டார். பிறகு வான் வெஸ்டன் திரட்டி அனுப்பிய மேளங்களில் பெரும்பகுதி 1728இல் கோபன்ஹேகனில் எரிந்த பெருந்தீயில் போய்விட்டது. இன்று உலகத்திலேயே மிஞ்சியவை நூறுக்கும் குறைவு.

தரங்கம்பாடியில் ஏன் அப்படி நடக்கவில்லை? எங்கட ஆக்கள் கெட்டிக்காரர் என்பதாலோ, அங்கே போன பாதிரியார் நல்லவர் என்பதாலோ மட்டும் அல்ல. மன்னரின் அதிகாரம் அங்கே ஒரு கோட்டையையும் அதைச் சுற்றிய சில ஊர்களையும் தாண்டவில்லை. அதற்கு அப்பால் தஞ்சாவூர் அரசு. அதனால் சீகன்பால்க் கேள்வி எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. தமிழர்கள் பதில் எழுதினார்கள். அந்தக் கடிதங்களில் 99 ஜெர்மன் மொழியில் அச்சாகியிருக்கின்றன. வடக்கிலோ, பாதிரியாரும் நீதிபதியும் ஒரே மன்னரின் ஆட்கள். போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்தபோதும் அதிகாரம் அவர்கள் கையில்தான் இருந்தது.

இதைக் கிறிஸ்தவத்தின் குணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டாம். ஜப்பானில் நடந்தது இதன் மறுபக்கம். "இது தெய்வங்களின் நாடு" என்று சொல்லி 1587இல் ஹிதெயோஷி பாதிரியார்களை வெளியேறச் சொன்னார். 1614இல் நாடு முழுவதும் தடை வந்தது. யேசு, மாதா உருவங்களைக் காலால் மிதிக்கச் சொல்லி ஆட்களைச் சோதித்தார்கள். அந்தத் தடைப் பலகைகள் 1873இல்தான் இறங்கின. அதுவரை மாதாவைப் பௌத்தத் தெய்வமான கன்னொன் உருவத்தில் ஒளித்து வைத்துக் கும்பிட்டவர்கள் இருந்தார்கள்.

நோர்வேயும் மாறித்தான் வந்திருக்கிறது. கிறிஸ்தவப் பாடம் பற்றிப் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கில், 2007இல் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் நோர்வேக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2012இல் அரச மதம் அரசியலமைப்பிலிருந்து போனது. பௌல்சனின் மேளம் 2022இல் டென்மார்க்கிடமிருந்து சாமி மக்களுக்கே உரிமையாகி, இப்போது காரஸ்யோக்கில் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒஸ்லோவில் நாடாளுமன்றம் சாமி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

இதையெல்லாம் சுருக்கி மகளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "அந்தத் தாத்தாவிட்டை இப்பிடி ஒரு படிவம் குடுக்கேல்லையா?"

இல்லை, குடுக்கவில்லை. அவருக்கு ஆமா இல்லையா என்று சொல்ல இடமே இருக்கவில்லை.

15 வயது வரைக்கும் இந்த முடிவு எங்கட கையில். ஆனாலும் இந்த முறை அவளிடமே கேட்டேன். "போறன், பாட்டு நல்லாயிருக்கும். ஆனா கும்பிட மாட்டன்" என்றாள். அம்மா, "கும்பிட்டாலும் முருகன் கோவிக்க மாட்டார்" என்றார். இரண்டு பேரும் சொன்னதை ஏற்றுக்கொண்டு "போகும்" என்று போட்டேன். போன வருசமும் அதே பெட்டியில்தான் அடையாளம் போட்டேன், ஆனால் அப்போது யாரையும் கேட்கவில்லை.

உங்கட வீட்டுக்கும் இந்தப் படிவம் வந்திருக்கும். எந்தப் பெட்டியில் போட்டாலும் பரவாயில்லை. போடுவதற்கு முன் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.