லோத்தின் கண்களும் ‘நல்ல ஏரியா’வும்



அமெரிக்காவில் எந்த நகரத்தில் குடியேறுவது என்பது இன்று கல்பாக்கத்துக் குடும்பங்களின் ஜெபக்குறிப்பாகிவிட்டது. அணுமின் நிலையத்திலும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர், மகனுக்கு டல்லாஸா அட்லாண்டாவா, மகளுக்குச் சிகாகோவா நியூ ஜெர்சியா என்று தேவசித்தம் அறிய விரும்பிப் போதகரைத் தேடி வருகிறார்கள். வரும்போதே அவர்கள் கையில் ஓர் அட்டவணை இருக்கிறது. சம்பளம், வாடகை, குளிர், மாநில வருமான வரி உண்டா இல்லையா (டெக்சாஸில் இல்லை என்பது புதுப்பட்டினம் டீக்கடை வரைக்கும் தெரிந்த செய்தி), தமிழ்ச் சபை எத்தனை மைல், இந்தியக் கடை எத்தனை மைல். அட்டவணையின் கடைசியில், மற்ற எல்லா வரிகளையும் ஆளுகிற இரண்டு சொற்கள் இருக்கும்: ‘நல்ல ஏரியா’.

அந்த இரண்டு சொற்களோடுதான் இந்த வாரம் எனக்கு வழக்கு.

ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். மேய்ப்பர்களுக்குள் சச்சரவு வந்தபோது, மூத்தவராகிய ஆபிராம் தமது உரிமையை விட்டுக்கொடுத்து, வலமோ இடமோ நீயே தெரிந்துகொள் என்று லோத்திடம் சொல்கிறார். லோத்து கண்களை உயர்த்திப் பார்க்கிறான். நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளி தெரிகிறது. அது நல்ல ஏரியா. புல் உண்டு, தண்ணீர் உண்டு, பட்டணங்கள் பக்கத்தில் உண்டு. அங்கே வாழ்பவர்கள் யார், அவர்கள் நடுவே தான் என்னவாக மாறுவான் என்னும் கேள்வி அவன் அட்டவணையில் இல்லை. சோதோமை நோக்கிக் கூடாரம் போட்டவன், அடுத்த அதிகாரத்தில் அந்த ஊருக்குள்ளேயே குடியிருக்கிறான்.

நகரத்தை நாங்களா தேர்ந்தெடுக்கிறோம் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 என்று வரம்பு, அதற்கும் குலுக்கல், அதில் தப்பினால் நிறுவனம் அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும். நகரம் பெரும்பாலும் நிறுவனத்தின் தேர்வுதான். ஆனால் அந்த நகரத்தின் எந்தப் பக்கம், எந்தப் புறநகர், எந்தத் தெரு என்பதை எந்த நிறுவனமும் திணிப்பதில்லை. அது முழுக்க முழுக்க உங்கள் தேர்வு. ஒருவனுடைய உள்ளம் அங்கேதான் வெளிப்படுகிறது.

தெரு எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது? முன்னே போனவர்கள் கைப்பேசியில் வழிகாட்டுகிறார்கள். பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார் என்கிறார்கள். அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் வருவாயில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஆகவே வீட்டு விலை உயர்ந்த இடத்தில் பள்ளியும் செழிக்கிறது. பள்ளி செழித்த இடத்தில் வீட்டு விலை இன்னும் உயர்கிறது. இதைக் கல்வி என்று பெயரிட்டு அழைக்கிறோம். அதோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்லப்படுகிறது: அந்தப் பக்கம் வேண்டாம், அங்கே ‘அவர்கள்’ அதிகம்.

அந்த ‘அவர்கள்’ என்னும் சொல்லைச் செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த எவனுக்கும் அகராதி பார்த்து விளக்க வேண்டியதில்லை. இங்கே ஊர் என்று ஒன்று இருந்தது, சேரி என்று ஒன்று இருந்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமென்ஹியர் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். உழுகிறவனுக்கு வயல் இல்லை என்பது மட்டுமன்று. அவன் குடிசை நிற்கிற மனையிலும் அவனுக்கு உறுதியான உரிமை இல்லை, எதிர்த்துப் பேசினால் மிராசுதாரர் அவனை அங்கிருந்து கிளப்பிவிட முடியும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு போன்ற மிஷனரிகளும் அதே காலத்தில் இதற்காக அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்கள். 1892இல் பிறந்த அரசாணையின் வழியாக வந்தவைதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று அழைக்கும் நிலங்கள். அவற்றில் பெருமளவு பின்னாளில் கைமாறிப்போயிற்று. மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில் அத்தகைய நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மேல் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் மாண்டார்கள்.

நம் சபைகளில் ஞாயிறுதோறும் அமர்ந்திருப்பவர்களில் பலருடைய முப்பாட்டனார், எந்தத் தெருவில் நடப்பது என்பதைக்கூடத் தாமே தீர்மானிக்க இயலாதவர். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவரைத்தான் சுவிசேஷம் தேடிவந்தது. அவருடைய கொள்ளுப்பேரன் இன்று அட்லாண்டாவில் நின்றுகொண்டு, சேரி எந்தப் பக்கம், நான் அதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்று கேட்கிறான். சொல் மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை.

அட்லாண்டாவை வேண்டுமென்றேதான் குறிப்பிட்டேன். அங்கே வேலை கிடைத்தவுடன், வடக்கே போங்கள், ஃபோர்சைத் கவுண்டியில் கம்மிங் பக்கம் பாருங்கள் என்பார்கள். பள்ளிகளுக்கு உயர்ந்த மதிப்பெண். இந்தியக் குடும்பங்கள் திரளாகக் குடியேறியிருக்கும் இடம். தமிழ் வகுப்புகள்கூட உண்டு. அந்த மண்ணில் 1912இல் என்ன நடந்தது என்று எவரும் சொல்வதில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் கொலையுண்டதை முன்னிட்டு, கருப்பினத்தவர் ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. விசாரணை என்ற பெயரில் இரண்டு இளைஞர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதன்பின் இரவுதோறும் குதிரைகளில் வந்த கும்பல்கள் கருப்பினத்தவரின் வீடுகளையும் ஆலயங்களையும் கொளுத்தின. ஆம், ஆலயங்களை, நாம் பாடுகிற அதே இயேசுவைப் பாடின ஆலயங்களை. சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள், ஏறத்தாழ அந்தக் கவுண்டியின் கருப்பினத்தவர் அனைவரும், விரட்டப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற நிலங்களில் பல சத்தமின்றி மற்றவர் கைக்குப் போயின. 1987 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் சகபோராளி ஹோசியா வில்லியம்ஸ் ஒரு சிறு ஊர்வலத்தை அங்கே நடத்திச் சென்றபோதும் கல்லும் புட்டியும் பறந்தன. மறுவாரம் ஏறத்தாழ 20,000 பேர் வந்து நடந்தார்கள்.

காரணையை அறிந்தவனுக்குக் கம்மிங் அந்நிய ஊரா?

ஃபோர்சைத் ஒரு கவுண்டியின் கதை மட்டுமே என்று தள்ளிவிடவும் முடியாது. 1930களில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று பெருநகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கருப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தது. வீட்டுப் பத்திரங்களில் வெள்ளையரல்லாதாருக்கு விற்கலாகாது என்று எழுதிவைத்த காலம் அது. அப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல்தான் சொன்னது. அந்த விலக்கில் பல இடங்களில் ஆசியரும் அடக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள். இன்று நாம் ‘நல்ல ஏரியா’ என்று தேடிச் செல்லும் தெருக்களில் பல, நம்மையும் நுழையவிடாதபடி எழுதப்பட்ட தெருக்கள்.

பின்னே நாம் எப்படி நுழைந்தோம்? 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல் கதவு சற்றே திறந்தபோது இந்தியருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒதுக்கினார்கள். நூறே பேர்! 1965இன் குடியேற்றச் சட்டம் அந்த நாட்டுவாரிக் கணக்கை ஒழித்தது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? பேருந்திலும் பள்ளியிலும் வாக்குச்சாவடியிலும் தங்கள் உரிமைக்காக அடிபட்ட கருப்பினக் கிறிஸ்தவர்கள் அந்தத் தேசத்தின் மனசாட்சியை உலுக்கிய ஆண்டுகளில் வந்தது. நமக்குக் கதவைத் திறக்கத் தோள்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெருவைத்தான், வந்திறங்கிய மறுநாளே, மோசமான ஏரியா என்கிறோம். நன்றிகெட்டதனம் என்பதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே 1965இல், ஜூலை 4ஆம் தேதி, அட்லாண்டாவின் எபனேசர் ஆலயத்தில் போதகர் கிங் ஒரு பிரசங்கம் செய்தார். 1959இல் அவர் இந்தியாவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், இவர் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ச்சியும் சற்றே கோபமும் வந்ததாகவும், பிறகு யோசித்துப் பார்த்து, ஆம், நானும் தீண்டப்படாதவனே என்று தாம் உணர்ந்ததாகவும் கிங் சொன்னார். அவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். நாம் அவர் மக்களை அடையாளம் கண்டுகொள்ள மறுக்கிறோம்.

அடுத்த ஆண்டு, 1966 ஜனவரியில், அதே போதகர் அமெரிக்காவின் ஒரு பெருநகரத்தில் வீடு தேடினார். நகரம் சிகாகோ. பகுதி, மேற்குப் புறத்து லான்டேல். பராமரிப்பில்லாத ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மனைவியோடு குடியேறினார், அங்குள்ள ஏழைகளுக்கு எப்படிப்பட்ட வீடுகள் வாடகைக்கு விடப்படுகின்றன என்பதை உலகம் காணும்படியாக. ஆகஸ்டில் மார்க்வெட் பூங்காப் பக்கம் ஊர்வலம் போனபோது அவர் தலையில் கல் விழுந்தது. 1968 ஏப்ரல் 4ஆம் தேதி அவர் சுடப்பட்டார். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் ஒரு வாரம் கழித்துக் கையொப்பமானது. உங்கள் மகன் இன்று எந்தப் புறநகரிலும் தைரியமாக வீடு கேட்க முடிகிறதென்றால், அது அந்தச் சட்டத்தின் நிழல்.

“பாஸ்டர், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்க வேண்டாமா?” என்பீர்கள். பாருங்கள். குழந்தைக்கு நல்ல பள்ளி தேடுவது பாவமென்று எந்த வேதபாடமும் எனக்குக் கற்பிக்கவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்கிற தெருவில் கைக்குழந்தையோடு போய் இருங்கள் என்று, கல்பாக்கத்தில் கடற்காற்று வாங்கிக்கொண்டு நான் கட்டளையிடவும் போவதில்லை. ஆனால் ஆபத்தை விசாரிப்பது வேறு, நிறத்தை விசாரிப்பது வேறு. நடுத்தர வருமானமுள்ள, ஒழுங்கான, அமைதியான கருப்பினக் குடியிருப்புகள் அட்லாண்டாவின் தெற்கிலும் தென்மேற்கிலும் எத்தனையோ உண்டு. அவற்றை ஒருமுறை காரில் சுற்றிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பார்க்காமலேயே தள்ளுவதற்கு எச்சரிக்கை என்று பெயரா? நாசரேத்தூர் என்ற பெயரைக் கேட்டதும் நாத்தான்வேலும் முகம் சுளித்தவர்தான். ஆனால் பிலிப்பு வந்து பாரும் என்று அழைத்தபோது எழுந்து போனார். நாம் அதையும் செய்வதில்லை; மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் நமக்கு ஒட்டிக்கொண்டதல்ல. நம் நகரியத்தில் சம்பளப் படிநிலைக்கு ஏற்ப வீடு. நல்ல தண்ணீர், நல்ல பள்ளி, நல்ல மருத்துவமனை, காவலோடு கூடிய வாயில். வாயிலுக்கு வெளியே புதுப்பட்டினமும் சதுரங்கப்பட்டினமும். முப்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, அறுபது வயதில் சாவியை ஒப்படைத்துவிட்டுச் சென்னைக்குப் போகும் பலருக்கு, மீன் கொண்டுவந்து கொடுத்த அம்மாவின் பெயர் தெரியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த அலை நகரியத்து வீடென்றும் மீனவர் குடிசையென்றும் பார்க்கவில்லை. சில மாதங்கள் நாமும் பார்க்கவில்லை. பிறகு வாயில் மறுபடியும் வாயிலாகிவிட்டது. இப்படி வளர்ந்த பிள்ளை, அமெரிக்கா போனதும் வேறெதைத் தேடுவான்?

லோத்தின் அதிகாரத்துக்குத் திரும்புகிறேன். அதில் பலர் கவனியாமல் கடந்துபோகும் ஒன்று உண்டு. கண்களை உயர்த்திப் பார்த்தல் என்னும் அதே எபிரெயச் சொற்றொடர் அங்கே இரண்டு முறை வருகிறது. முதலில் லோத்து தானாகவே உயர்த்துகிறான். அவன் பிரிந்துபோன பிறகு, கண்களை உயர்த்திப் பார் என்று கர்த்தர் ஆபிராமிடம் சொல்கிறார். நான்கு திசைகளையும் காட்டுகிறார். லோத்து ஒரு திசையைத்தான் பார்த்தான். நீங்கள் உங்கள் பிள்ளைக்காக ஜெபிக்கச் சொல்லும் நகரத்துக்கும் நான்கு திசைகள் உண்டு. வடக்கை மட்டும் காட்டி, இதை ஆசீர்வதியும் என்று ஏன் கேட்கிறீர்கள்?

ஆகவே இனி இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் மூன்று விஷயங்களைக் கேட்பதாயிருக்கிறேன். அந்த நகரத்தின் வேறு மூன்று திசைகளைப் பார்த்தீர்களா? நீங்கள் வாங்கப்போகும் மண்ணில் முன்பு யார் இருந்தார்கள் என்று விசாரித்தீர்களா? அங்கே தமிழ்ச் சபைக்குப் போவதற்கு முன், மாதத்தில் ஒரு ஞாயிறாவது, அருகிலுள்ள கருப்பினத்தவரின் ஆலயத்தில் போய் உட்கார உங்கள் மகன் ஆயத்தமா?

ஏற்கெனவே ஃபோர்சைத்தில் வீடு வாங்கிவிட்ட நம் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று அறிவேன். வீட்டை விற்றுவிட்டு வா என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அந்த மண்ணில் வளர்ந்த பேட்ரிக் ஃபிலிப்ஸ் என்பவர் 1912இன் கதையை ‘பிளட் அட் தி ரூட்’ என்ற நூலாக 2016இல் எழுதியிருக்கிறார், வாங்கிப் படியுங்கள். விரட்டப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் கல்லூரியில் படிப்பதற்கென்று உங்கள் பகுதிப் போதகர்கள் சிலர் முன்னின்று ஓர் உதவித்தொகை நிதியை நடத்துகிறார்கள். உங்கள் தசமபாகத்தில் இந்தச் சபைக்கு நீங்கள் அனுப்பும் பங்கை, இந்த ஆண்டு அங்கே கொடுங்கள்.