வெளியே வில்லன், சொந்தமாகச் சின்னப் படம்: தயாரிப்பாளர் பிரகாஷ்ராஜ் போட்ட கணக்கு

2007 பொங்கலுக்கு வந்த 'போக்கிரி'யில் விஜய்க்கு எதிரே நின்ற அலி பாய் யாருன்னு கேட்டா எல்லோரும் சொல்லிடுவாங்க. அடுத்த மாதமே ஜோதிகாவின் 'மொழி' வந்தது. அதைத் தயாரித்தது யார்? அதே பிரகாஷ்ராஜ்தான். ஒரு பக்கம் மாஸ் படத்தில் வில்லன். மறுபக்கம் பேசவும் கேட்கவும் முடியாத ஒரு பெண்ணின் கதைக்குப் பணம் போட்டவர். இரண்டு படமும் ஹிட்.

பிரகாஷ்ராஜின் நடிப்பைப் பற்றி நிறைய எழுதியாச்சு. தயாரிப்பாளராக அவர் செய்ததுதான் இன்றைய தமிழ் சினிமாவுக்கு முக்கியமான பாடம்.

எங்கிருந்து வந்தார்?

பெங்களூருவில் பிறந்தவர். கன்னட நாடகம், டிவி சீரியல் என்று தொடங்கியவரை கே.பாலசந்தர் 1994-ல் 'டூயட்' மூலம் தமிழுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே 'ஆசை'யில் மிரட்டல் வில்லன். 1997-ல் மணிரத்னத்தின் 'இருவர்' படத்துக்காக சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. பிறகு 'காஞ்சிவரம்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதும் வந்தது.

சொந்த நிறுவனம் தொடங்கியபோது அதற்கு அவர் வைத்த பெயர், டூயட் மூவிஸ். அறிமுகமான படத்தின் பெயரையே வைத்துவிட்டார். பாலசந்தர் கடைசியாக இயக்கிய 'பொய்' படத்தை 2006-ல் தயாரித்ததும் அவரே.

என்ன மாதிரி படங்கள்?

2004-ல் 'கில்லி' முத்துப்பாண்டியாக அவர் கலக்கிய அதே ஆண்டில், ராதாமோகன் என்ற புது இயக்குநரின் 'அழகிய தீயே' வந்தது. 2005-ல் வி.பிரியா இயக்குநராக அறிமுகமான 'கண்ட நாள் முதல்'. பிறகு 'மொழி', 'வெள்ளித்திரை', 'அபியும் நானும்', 'பயணம்' என்று வரிசை நீள்கிறது. 2012-ல் 'தோனி' மூலம் தமிழில் தானே இயக்குநரும் ஆனார்.

பெரும்பாலும் பன்ச் டயலாக் இல்லாத படங்கள். அபார்ட்மென்ட் வாழ்க்கை, அப்பா-மகள் பாசம், மார்க் பைத்தியம் பிடித்த கல்வி என்று நடுத்தர வீட்டு விஷயங்கள்.

இந்தக் கணக்கு எப்படி ஓடியது?

குணச்சித்திர நடிகருக்கு ஒரு வசதி உண்டு. ஹீரோ பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு படத்தில்தான் இருப்பார். குணச்சித்திர நடிகர் கால்ஷீட்டைப் பிரித்துக்கொடுத்து, தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என ஒரே ஆண்டில் பல படங்களில் நடிக்கலாம். ஒரு படம் கவிழ்ந்தாலும் அடுத்த படத்தின் சம்பளம் நிற்காது. அந்த வருமானம் கையில் இருக்கும்போது சொந்தப் படத்தில் கொஞ்சம் ரிஸ்க் எடுக்க முடியும்.

இன்னொன்று, செலவு. பெரிய படத்தின் பட்ஜெட்டில் பெரிய பங்கு ஹீரோவின் சம்பளத்துக்கே போய்விடும். இங்கே அது இல்லை. முக்கிய வேடத்தில் தயாரிப்பாளரே நடித்துவிடுவார். 'மொழி'யிலும் 'அபியும் நானும்' படத்திலும் நடந்தது அதுதான்.

இது புதுசும் இல்லை. பழைய நாளில் வி.கே.ராமசாமியும் நடித்துக்கொண்டே படம் தயாரித்தவர்தான்.

சரி, சிக்கல் எங்கே?

ஹீரோ சொந்தப் படம் எடுத்தால், முதல் நாள் முதல் காட்சிக்கு ரசிகர் கூட்டம் வந்துவிடும். குணச்சித்திர நடிகரை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனா அவருக்காக விடிகாலையில் யாரும் வரிசையில் நிற்க மாட்டாங்க. படம் பார்த்தவர் நாலு பேரிடம் சொல்லி, அந்த நாலு பேர் வந்து, இரண்டாவது வாரத்தில்தான் தியேட்டர் நிறையும். இந்த மாதிரி படங்களின் உயிரே அந்த இரண்டாவது வாரம்தான்.

இன்று அந்த வாரம் கிடைப்பதே கஷ்டம். வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லையென்றால் திங்கட்கிழமை காட்சிகள் குறைந்துவிடும். அடுத்த வெள்ளி ஒரு பெரிய படம் வந்தால் ஸ்கிரீனே போய்விடும். முன்பு கைகொடுத்த சாட்டிலைட் உரிமையும் இப்போது எல்லாச் சின்னப் படத்துக்கும் கிடைப்பதில்லை. ஓடிடி நிறுவனங்களும் பெரிய பெயர் இருக்கிறதா, தியேட்டரில் ஓடியதா என்று பார்த்துத்தான் விலை பேசுகின்றன. இதற்கிடையே ஃபைனான்ஸ் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

2014-ல் 'உன் சமையலறையில்' வந்தது. அதன் பிறகு 'ஜெய் பீம்', 'பொன்னியின் செல்வன்', 'வாரிசு' என நடிகராகத்தான் பிரகாஷ்ராஜை அதிகம் பார்க்கிறோம்.

அப்போ இந்த வகைப் படமே முடிந்ததா?

இல்லை. 2023-ல் 'குட் நைட்', 2024-ல் 'லப்பர் பந்து', 2025-ல் 'குடும்பஸ்தன்', 'டூரிஸ்ட் ஃபேமிலி' எல்லாம் ஓடின. நாலுமே புது இயக்குநர்களின் படங்கள். பெரிய ஹீரோ இல்லாமல், பார்த்தவர்கள் சொல்லித்தான் கூட்டம் சேர்ந்தது. ஆக, ரசிகர்களின் ரசனை மாறிவிட்டது என்ற வாதம் எடுபடாது. மாறியிருப்பது, படத்துக்குக் கிடைக்கும் கால அவகாசம்.

முதல் பட இயக்குநருக்கு வாய்ப்பு, முக்கியமான பெண் பாத்திரம், சண்டை இல்லாத கதை ஆகியவற்றில் தொடர்ந்து பணம் போட ஒருவர் வேண்டும். ஒரு படம் ஓடியதும் ஒதுங்கிவிடாமல், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அதைச் செய்தார் என்பதே பிரகாஷ்ராஜின் தனித்தன்மை. அப்படி ஒரு தயாரிப்பாளர் நிலைக்க, இரண்டாவது வாரம் தியேட்டரில் காட்சி இருக்க வேண்டும். "நல்லா இருக்காம், ஓடிடில வரட்டும், பாத்துக்கலாம்" என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் குறைவது அந்தக் காட்சிகள்தான்.