முகப்பு விளக்குக்கும் ஓர் உறை



பெற்றோரைச் சந்திக்கும் போதெல்லாம் வாசிப்பு, கையெழுத்து, வாய்பாடு என்றே பேசிப் பழகிவிட்டேன். இன்று மகிழுந்தின் முகப்பு விளக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஆசிரியருக்கு எதற்கு இந்தப் பட்டறை வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நம் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தால் காரணம் புலப்படும்.

1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டுச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டன. கடிகாரம் நகர்ந்தது, கதிரவன் நகரவில்லை! அதனால்தான் கோலாலம்பூர் வட்டாரத்தில் நவம்பர் திங்களில் ஏறத்தாழ 7.00 மணிக்கும், பிப்ரவரியில் ஏறத்தாழ 7.25 மணிக்கும் கதிரவன் எழுகிறான். பள்ளி மணியோ ஏழரை மணியளவில் அடித்துவிடும். அப்படியானால் ஆறு, ஆறரை மணிக்குப் புறப்படும் பிள்ளை இருட்டில் புறப்பட்டு, பல நாள்களில் இருட்டிலேயே வந்து சேர்கிறது.

எல்லாப் பள்ளிகளுக்கும் இதே இருட்டுத்தானே என்று கேட்கலாம். இருட்டு ஒன்றுதான், தொலைவு வேறு. நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டங்களில் பிறந்தவை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னர் மக்கள் ஒருபுறமும் பள்ளி மறுபுறமுமாகப் பிரிந்துபோயினர். அவசரகாலத்தில் செர்டாங் பாரு என்னும் புதுக்கிராமமாக உருவான இந்த ஸ்ரீ கெம்பாங்கானும், அதனை ஒட்டிய பூச்சோங்கும் புக்கிட் ஜாலிலும் இன்று அடுக்குமாடிகளாலும் விரைவுச்சாலைகளாலும் நிறைந்து கிடக்கின்றன. வீட்டுக்கு அருகிலேயே தேசியப்பள்ளி இருந்தும், தமிழுக்காகப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பல கிலோமீட்டர் ஓட்டிவரும் பெற்றோர் இங்குப் பலர். அவர்களை நான் வணங்குகிறேன். அவர்களுடைய மகிழுந்துகளில் பல பத்து, பதினைந்து ஆண்டு கண்டவை என்பதும் உண்மை.

காலையில் பள்ளி வாயிலில் பணியில் நிற்கும் ஆசிரியர் எவரும் இதனைக் கண்டிருப்பார். வரிசையாக வரும் வண்டிகளில் சிலவற்றின் விளக்குகள், மஞ்சட்காமாலை கண்ட கண்களைப் போல மங்கி எரிகின்றன. அந்த வெளிச்சத்தில்தான், கருநீலக் காற்சட்டையும் முதுகு நிறையப் புத்தகப்பையுமாக ஒரு மாணவன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கிறான். பை, சட்டையின் வெண்மையையும் மறைத்துவிடுகிறது. ஓட்டுநர் கவனமானவராகவே இருக்கலாம். ஆயினும், கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கவனிப்பது?

விளக்கு ஏன் மஞ்சளாகிறது? 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற வண்டிகளுக்கு முகப்பு விளக்கின் மேல்மூடி கண்ணாடியால் ஆனது. அது கல் பட்டால் உடையும், ஆனால் பழுக்காது. பின்னர் உலகெங்கும் பாலிகார்பனேட் எனும் நெகிழிக்கு மாறினார்கள். எடை குறைவு, எளிதில் உடையாது, வேண்டிய வடிவில் வளைக்கலாம். 2005-இல் வந்த மைவியின் விளக்கும் இவ்வகைதான். இந்த நெகிழிக்குப் பெரும் பகை கதிரவனின் புற ஊதாக் கதிர். ஆகவே தொழிற்சாலையிலேயே அதன்மீது மெல்லிய காப்புப் பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில், கூரையில்லாத அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் ஆண்டு முழுவதும் வெயில் காயும் வண்டிக்கு அந்தப் பூச்சு எத்தனை நாளைக்குத் தாங்கும்? சில ஆண்டுகளில் வெடித்து உரிகிறது. அதன்பின் அடியிலுள்ள நெகிழி மங்கி மஞ்சளாகிறது.

அமெரிக்காவின் ஏஏஏ எனும் வாகனமோட்டிகள் சங்கம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு முடிவைப் படித்தபோது திடுக்கிட்டேன். மங்கிப்போன விளக்குகள் புதிய விளக்கின் ஒளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மட்டுமே தருகின்றனவாம். தேய்த்து மெருகிட்டால் ஏறத்தாழ 70 விழுக்காடு வரை மீள்கிறது. புதிதாக மாற்றினால் முழு ஒளி. மாற்றுவதே சிறப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் மாற்ற நூற்றுக்கணக்கான வெள்ளி வேண்டும். நம் பெற்றோர் எல்லாருக்கும் அது இயலாது. எனவே மெருகிடுவதே நடைமுறை வழி.

இங்குதான் என் மனக்குறை. மெருகிடுவதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணிக்கொள்கின்றனர்.

இரவுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பழைய விளக்கு ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒரு புட்டியிலிருந்து சில துளிகளைத் துணியில் ஊற்றித் துடைப்பார். ஒரே நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும்! கூட்டம் வியக்கும். வீட்டில் பற்பசை கொண்டு தேய்ப்பாரும் உளர். கொசு விரட்டும் தெளிப்பை அடித்துத் துடைப்பாரும் உளர். அதிலுள்ள டீட் என்னும் வேதிப்பொருள் நெகிழியின் மேற்பரப்பையே இளக்கி அந்தப் பளபளப்பைத் தருகிறது. அது மருத்துவம் அன்று, அரிப்பு. பட்டறையில் முறையாகச் செய்பவர்கள் 800, 1500, 2000, 3000 என எண் கூடக்கூட நுண்மையாகும் உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்த்து, இறுதியில் மெருகுக் குழம்பு இடுவர். இதுவே நல்ல முறை.

ஆனால் நல்ல முறையிலும் ஒன்றை மறந்துவிடக்கூடாது. உப்புத்தாள் மஞ்சளை மட்டுமா எடுக்கிறது? எஞ்சியிருந்த தொழிற்சாலைப் பூச்சையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. பட்டறையை விட்டு வெளியே வரும்போது அந்த விளக்கு கண்ணுக்குப் புதியது. கதிரவனுக்கோ மேலாடை இல்லாத பிள்ளை. சில மாதங்களிலேயே மீண்டும் மங்கும். மீண்டும் தேய்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் நெகிழி தேய்ந்து மெலியும். "போன வருசந்தான் பாலிஷ் போட்டேன் சார், மறுபடியும் இப்படி ஆயிருச்சு" என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் அலுத்துக்கொண்டார். அவர்மீது குற்றமில்லை. செய்த வேலையில் பாதிதான் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

மறுபாதிதான் தெளிந்த ஒட்டுப்படலம். கடைகளில் பிபிஎஃப் என்று கேட்டால் தெரியும். பாலியூரித்தேனால் ஆன, நிறமற்ற, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்களவே தடிப்புள்ள படலம் அது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டரின் சுழலிறகுகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க இத்தகைய படலத்தை ஒட்டினார்கள். பின்னர் அது பந்தய வண்டிகளுக்கும், நம் வண்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையைக் கேட்டு வாங்கினால், உரித்தெடுத்த பூச்சின் வேலையை அது ஏற்றுக்கொள்ளும். லாரிச் சக்கரம் தெறிக்கவிடும் சிறுகல்லையும் தாங்கும்.

பூச்சாகவே அடித்துவிட்டால் என்ன, படலம் எதற்கு என்று கேட்பார் உண்டு. நல்ல காப்புப் பூச்சை முறையாக அடித்தால் அதுவும் தகும், நான் மறுக்கவில்லை. இருப்பினும் என் வாக்கு படலத்திற்கே. பூச்சு கெட்டால் மீண்டும் உப்புத்தாளைத் தேட வேண்டும். படலம் கெட்டால் உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டினால் போதும். அடியிலுள்ள விளக்கு அப்படியே இருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் பாடநூல்களுக்கு நெகிழி உறை போடும் தாய்மார்க்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. உறை கிழிந்தால் உறையைத்தானே மாற்றுகிறோம்? (அதற்காக அந்தப் புத்தக உறையையே விளக்கில் ஒட்டிவிடாதீர்கள். அப்படி ஒட்டிய வண்டி ஒன்றையும் பார்த்திருக்கிறேன்!)

ஒட்டும் முறையில் கவனம் வேண்டும். மெருகுக் குழம்பின் பிசுக்கு சிறிதும் இல்லாதபடி ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். சவர்க்கார நீரைத் தெளித்து, படலத்தை அதன்மேல் மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்திற்கு நீரை வழித்துத் தள்ள வேண்டும். வளைவுகளில் இளஞ்சூடு காட்டினால் படிந்துகொள்ளும். ஓரிரு நாள் வண்டியைக் கழுவாமல் விடுவது நலம். பூச்சும் அடித்துப் படலமும் ஒட்ட விரும்பினால், பூச்சு முழுதாகக் காய்ந்த பின்னரே ஒட்ட வேண்டும். மலிவான வினைல் படலங்கள் ஓரங்களில் எழும்பும். சில, தாமே மஞ்சளாகும். விளக்கின் உட்புறம் நீர் கோத்திருந்தாலோ, உள்ளிருக்கும் ஒளித்தெறிப்பான் கருத்திருந்தாலோ எந்தப் படலமும் உதவாது. அப்போது விளக்கையே மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. படலம் என்றதும் இளையோர் சிலர் கறுப்பும் மஞ்சளும் தேடிப் போகிறார்கள். முகப்பு விளக்கை இருளச் செய்யும் நிறப்படலம் சட்டத்திற்கும் ஆகாது, அறிவுக்கும் ஆகாது. மங்கிய மூடியைச் சரிசெய்யாமல் உள்ளே கடுமையான வெள்ளொளி விளக்கைப் பொருத்துவதும் அவ்வாறே. ஒளி சிதறி எதிரே வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் கண்ணைக் கூசச் செய்யும். அவர் பின்னாலும் ஒரு பிள்ளை அமர்ந்திருக்கும்.

பள்ளி வேன்கள் குறித்த காலந்தோறும் பரிசோதனை நிலையத்திற்குச் சென்றாக வேண்டும். சொந்த மகிழுந்துக்கு நம் நாட்டில் அப்படியோர் ஆண்டுக் கட்டாயம் இல்லை. ஆதலின் இதனை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கூட்டுப்பணி நாளில் புல்வெட்டிச் சுவருக்குச் சாயம் பூசுகின்றன, மகிழ்ச்சி. அதே நாளில் ஒரு மூலையில் உப்புத்தாளும் நீர்வாளியும் ஒரு சுருள் படலமும் வைத்தால் என்ன? சங்கம் மொத்தமாக வாங்கினால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். வண்டி வேலை தெரிந்த தந்தையர் இல்லாத தமிழ்ப்பள்ளி உண்டா? ஒரு காலைப் பொழுதில் பத்து வண்டிகளாவது முடியும். முதலில், இருட்டோடு இருட்டாக நெடுந்தொலைவிலிருந்து வருவோரின் வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம்.

புதிய வண்டி வாங்கியிருப்போர் மங்கும்வரை காத்திராமல் இப்போதே ஒட்டிவிடலாம். அவர்களுக்கு உப்புத்தாள் வேலையே இல்லை.