ஜப்பான் நோட்டும் நம்மூர்க் கிரீடமும்



பிறந்தநாளுக்கு ஒரு பழைய மாணவி நோட்டு அனுப்பியிருக்கிறாள். அட்டையில் ஜப்பானிய 'நோ' நாடக உடையின் நெசவு. பொன்னிறத்தில் பூவும் புல்லும். அழகுதான், மறுக்கவில்லை. 600 ஆண்டுப் பழைய கலை. 'கராஓரி' என்கிற அந்தப் பட்டில், பூக்கள் தறியிலேயே விழுந்தாலும் ஊசி வேலை போலத் தெரியும். அதை நோட்டு அட்டை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

நம்மிடம் என்ன குறைச்சல்? வேடந்தாங்கலிலிருந்து காஞ்சிபுரம் பக்கம் போனால் கட்டைக்கூத்து. லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். இந்தக் கட்டைகளால்தான் கூத்துக்கே அந்தப் பெயர். துரியோதனன் வேடக்காரர் அதைச் சுமந்துகொண்டு விடிய விடிய ஆடுவார். ஒரு நோட்டு அட்டையிலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

'கூத்தாடி' என்பதைத் திட்டுவதற்கென்றே வைத்திருக்கிறோம். நான் மட்டும் யோக்கியனா? வகுப்பில் தூங்கி வழிந்த பையனை, "ராத்திரி கூத்துக்குப் போனியா?" என்று கேட்டு அடித்தவன்தான். அவன் இதைப் படித்தால் மன்னிக்கட்டும்.

அச்சகம், டிசைன் என்று இருக்கும் பிள்ளைகளே, அந்தக் கிரீடத்தை அட்டையில் போடுங்கள். படம் எடுக்குமுன் கலைஞரிடம் கேளுங்கள், பணமும் கொடுங்கள். முதல் 50 நோட்டு எனக்கு.