பழந்துணியும் பின்துணியும்

உடுத்து நைந்த துணிக்கு நம் வீடுகளிற் கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றே. அடுப்படியிற் பிடிதுணியாகவோ நிலந் துடைக்குந் துண்டாகவோ சில காலங் கிடந்து அது மறைந்துபோகின்றது. அதே துணி இன்னும் பல ஆண்டுகள் வாழ்வதற்கு வழி உண்டு. ஊசியும் நூலும் பொறுமையும் இருந்தாற் போதாது. பின்புறத்தில் வைத்துத் தைப்பதற்குத் தகுந்த வேறொரு துணியும் வேண்டும். அந்தப் பின்துணியைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ளது அலபாமா மாநிலம். அங்கே அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமுஞ் சூழ்ந்தோடும் ஓரிடத்திற் கீஸ் பென்ட் என்னுஞ் சிற்றூர் இருக்கின்றது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த ஆபிரிக்க மக்களின் வழிவந்தோர் அங்கு வாழ்கின்றனர். தோட்டத்துக்கு உரியவனாயிருந்த பெற்வே என்பவனுடைய பெயரே இன்றும் அவர்களுட் பலருக்குக் குடும்பப் பெயர். 1932ஆம் ஆண்டிலே, அவர்களுக்குக் கடன் கொடுத்த வணிகர் ஒருவர் இறந்தபின், அவர் குடும்பத்தார் ஏறக்குறைய அறுபது குடும்பங்களின் கால்நடைகளையும் உழவுக் கருவிகளையும் உணவுப் பொருள்களையும் கடனுக்காகக் கவர்ந்து சென்றனர். போர்வை வாங்கும் நிலையில் அங்கு எவரும் இருக்கவில்லை. குளிர் புகும் மரவீடுகளிற் பிள்ளைகளை உறங்கவைப்பதற்காக அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த உடைகளை வெட்டி இணைத்துப் போர்வை தைத்தனர். பின்புறத்துக்குக் கோதுமை மா, சீனி, பசளை முதலியன வந்த பருத்திச் சாக்குகளைப் பிரித்துப் பயன்படுத்தினர்.

வேறு துணி கிடைக்காமையே இதற்கு முதற்காரணம். ஆயினும் அச்செயலில் ஒரு தொழில் உண்மையும் இருக்கின்றது. நைந்த துணியின் இழைகள் மெலிந்திருக்கும். அதனை அதுபோன்ற இன்னொரு பழந்துணியோடு தைத்தால், இழுபடும்போது தையல் நிற்கும், துணி கிழியும். உறுதியான பின்துணி இருப்பின், இழுவையின் பெரும்பங்கை அது தாங்கிக்கொள்ளும்.

அவ்வூரைச் சேர்ந்த மிசூரி பெற்வே என்னும் பெண்மணியின் கணவர் காலமானார். அவர் வயலில் உழைத்தபோது அணிந்த உடைகளை அப்பெண்மணி எடுத்து, 1942ஆம் ஆண்டிலே தம் மகளின் உதவியோடு ஒரு போர்வை தைத்தார். கணவரை நினைவுகூர்வதற்கும், அதனைப் போர்த்து உறங்குவதற்குமாகவே அதனைத் தைத்தார். கலைக்கூடம் எதனையும் அவர் கருதவில்லை. ஆயினும் கீஸ் பென்ட் போர்வைகள் 2002ஆம் ஆண்டிலே ஹூஸ்ரன் நகரின் நுண்கலைக் காட்சிச்சாலையிலும், பின்னர் நியூயோர்க்கிலும் சுவரிலே தொங்கவிடப்பட்டன. 2006ஆம் ஆண்டில் அவற்றின் உருவந் தாங்கிய பத்துத் தபால் முத்திரைகளும் வெளிவந்தன.

இனி, வீட்டிற் செய்யக்கூடிய முறையொன்றைக் கூறுவோம். துணியின் ஓரங்களை மறைக்காது, நூல் பிரியவிட்டுத் தைக்கும் இவ்வகைப் போர்வையை அமெரிக்கர் ‘றாக் குயில்ற்’ என்பர். பழந்துணியில் ஏழங்குலச் சதுரங்கள் 48, பின்துணியில் அவ்வாறே 48 வெட்டிக்கொள்க. வெட்டுமுன் பின்துணியைத் துவைத்து உலர்த்துதல் அவசியம். பலமுறை துவைத்த பழந்துணி மேலுஞ் சுருங்குவது அரிது. புதுப் பருத்தித் துணியோ முதற் சலவையிலே சுருங்கும். இதனைக் கவனியாது தைத்த போர்வை ஒருமுறை நனைந்ததும் கோணிப்போகும்.

ஒவ்வொரு பழந்துணிச் சதுரத்தின் கீழும் ஒரு பின்துணிச் சதுரத்தை, இரண்டின் நல்ல பக்கமும் வெளியே தெரியுமாறு வைத்து, மூலைக்கு மூலை குறுக்காகத் தைத்திடுக. பின்னர் இரண்டு சதுரங்களைப் பின்துணியோடு பின்துணி பொருந்தச் சேர்த்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டுத் தைக்க. ஓரங்கள் முன்புறத்தில் எழுந்து நிற்கும். இவ்வாறு ஆறு சதுரங் கொண்ட எட்டு வரிசைகளை இணைத்து, வெளிச்சுற்றிலும் அரை அங்குலம் விட்டுத் தைத்தால், மூன்றடி அகலமும் நான்கடி நீளமுங் கொண்ட பிள்ளைப் போர்வை கிடைக்கும். எழுந்து நிற்கும் ஓரங்களைக் கால் அங்குலத்துக்கு ஒன்றாக, தையலைத் தொடாது கத்தரித்துவிட்டுத் துவைத்தால், அவை நூல் பிரிந்து மெத்தென்ற குஞ்சமாகும்.

பின்துணி பருத்தியாயிருத்தலே நன்று. பொலியெஸ்டர் வேர்வையை நன்கு உறிஞ்சாது. நம் நாட்டு வெப்பத்துக்கு அது பொருந்தாது. மிகத் தடித்த துணியும் வேண்டாம். இணைப்புத் தோறும் நான்கு அடுக்குத் துணி சேர்வதால் வீட்டுத் தையல் இயந்திரம் திணறும். நிறத்தையும் எண்ணித் தெரிதல் வேண்டும். முன்புறக் குஞ்சத்தின் நான்கு அடுக்குகளில் இரண்டு பின்துணியினுடையவை. ஆதலின் மறைந்திருப்பதாக நாம் எண்ணும் துணியின் நிறமும் முன்னே வந்து தோன்றும்.

இடம்பெயர்ந்து வாழ நேர்ந்த எம்மவர் குடும்பங்கள் பலவற்றிலே, பெற்றோரின் நினைவாக எஞ்சியிருப்பது ஒரு சீலையோ ஒரு மேற்சட்டையோ மாத்திரமே. கிழிந்துவிடும் என்னும் அச்சத்தால் அது றங்குப்பெட்டியிலே கிடக்கின்றது. பேரப்பிள்ளைகள் அதனைத் தொட்டறியார். பெட்டிக்குள் இருந்தாலும் துணி காலத்தால் இற்றே போகும். இழை இன்னும் ஊசியைத் தாங்கும் நிலையில் இருக்கும்போதே அதனை வெளியே எடுங்கள். வாங்கவேண்டியது சில யார் பருத்தித் துணி மாத்திரமே. சதுரங்களை அளந்து வெட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டு, அந்தச் சீலையை உடுத்தவர் யார், அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதையும் அவ்வேளையிலேயே அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.