வீட்டு முற்றம்: கடதாசி ரொக்கெட்



பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்து எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் நாம் என்ன செய்கிறோம்? "வீட்டைக் குப்பையாக்காதே, போய்ப் படி" என்று விரட்டுகிறோம். இல்லையென்றால், சத்தம் போடாமல் இருக்கிறானே என்று நிம்மதியாக நம் வேலையைப் பார்க்கிறோம். இரண்டுமே தவறு என்பதை அண்மையில் நான் என் தங்கையின் வீட்டில் கற்றுக்கொண்டேன்.

கிளிவெட்டியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், எல்லோருக்கும் 'சேர்'. அவரது அலுமாரியில் கிடந்த ஒரு பழைய ஆங்கிலப் பொழுதுபோக்குச் சஞ்சிகையில் சிறிய ரொக்கெட் ஒன்றைச் செய்வதற்கான வரைபடம் இருந்தது. தங்கையின் பதினான்கு வயது மகனுக்கு இப்படியான காரியங்களில் ஆசை அதிகம். அதை வாங்கிவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு மறந்துபோனேன்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கை ஓடிவந்தாள். மகனின் கட்டிலுக்குக் கீழே ஒரு பால்மா டின். அதற்குள் தீக்குச்சிகளின் மருந்தைச் சுரண்டிச் சேர்த்து வைத்திருந்தான். "நானா, நீங்கள்தானே அந்தப் படத்தைக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. 2006 ஆகஸ்டில் மூதூரை விட்டு உடுத்த உடையோடு வெளியேறியவள் அவள். ரொக்கெட் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அந்த நாட்களின் சத்தம்தான் காதில் விழும்.

பையனைக் கேட்டேன். "மாமா, படத்தில் எஞ்சின் என்று போட்டிருக்கிறது. அது எங்கும் கிடைக்கவில்லை. அதனால் நானே செய்யப் பார்த்தேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. வரைபடத்தைக் கொடுத்த நான் அவனோடு உட்காரவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் நம்மிடம் இருக்கும் அமானிதம் என்று மேடையில் பேசுகிறோம். அமானிதத்தை இப்படியா பார்ப்பது?

இந்த விளையாட்டின் வரலாற்றை அறிந்தால் அவன் செய்ய நினைத்தது எவ்வளவு ஆபத்தானது என்று விளங்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர் 1954இல் முதலாவது மாதிரி ரொக்கெட்டைச் செய்தார். கடதாசிக் குழாயும் பாரமற்ற மரமும்தான் அதன் உடல். 1957 அக்டோபர் 4இல் ஸ்புட்னிக் வானில் ஏறியதும் அங்கே பையன்கள் இரும்புக் குழாய்களில் தாமே மருந்து அடைத்துக் காயப்பட்டார்கள். ஹரி ஸ்டைன் என்ற பொறியியலாளர் கார்லைலோடு சேர்ந்து இந்தப் பொழுதுபோக்கைப் பரப்பியதே அதைத் தடுப்பதற்காகத்தான். மருந்தைப் பிள்ளைகள் தொடக் கூடாது, தொழிற்சாலையில் செய்த எஞ்சினை மட்டுமே பயன்படுத்த வேண்டும், உடலில் உலோகம் கூடாது என்று விதி வகுத்தார்கள். வேர்ன் எஸ்டெஸ் என்பவர் அந்த எஞ்சின்களைச் செய்ய ஓர் இயந்திரத்தையே உருவாக்கினார். நம் நாட்டிலோ வெடிமருந்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். தீக்குச்சி மருந்து உரசினாலே பற்றும். அதை அடைத்த குழாய் ரொக்கெட் ஆகாது, குண்டுதான் ஆகும்.

அந்த மருந்தைத் தண்ணீரில் ஊறவைத்து ஒழித்தோம். பிறகு பையனையும் அழைத்துக்கொண்டு கிளிவெட்டிக்குப் போனேன். சேர் அவனை ஏசவில்லை. "முதலில் உடலைச் சரியாகச் செய் மகன், எஞ்சினைப் பிறகு பார்ப்போம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உட்காருவோம். தும்புத்தடிக் கம்பில் தடித்த கடதாசியைச் சுற்றிப் பசையிட்டுக் குழாய் செய்தோம். ஒரு கடதாசி நாடாவைக் குழாயைச் சுற்றிப் பிடித்து அளந்து, அதை மூன்றாக மடித்தால் மூன்று சிறகுகளுக்கும் இடம் சரியாகக் கிடைக்கும். குழாயைக் கதவு நிலையின் மூலையில் பொருத்திக் கோடு கீறினால் கோடு கோணாது. ரெஜிபோமைச் சீவித் தலைப்பாகம் செய்தோம். மரப்பசையில் முகத்துக்குப் பூசும் பவுடரைக் குழைத்துக் கடதாசியின் சுருக்கங்கள் மறையும்வரை பூசி, காயவிட்டு, சாண்ட் பேப்பரால் தேய்த்தோம். இரண்டு தடவை இப்படிச் செய்த பிறகுதான் வெள்ளைப் பெயின்ற், அதன் மேல் சிவப்பு. அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் வழியும். அது மட்டுமல்ல, சிறகுகளில் ஏறும் பெயின்ற் வாலைப் பாரமாக்கிவிடும்.

வால் பாரமானால் என்ன? அங்கேதான் விஞ்ஞானம் இருக்கிறது. ரொக்கெட்டின் பாரம் சமப்படும் புள்ளி, காற்றின் அழுத்தம் சமப்படும் புள்ளிக்கு முன்னால் இருக்க வேண்டும். குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்காவது முன்னால் இருந்தால்தான் நேராகப் பறக்கும். சமப்படும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்த்தோம். எங்கள் ரொக்கெட் பக்கவாட்டில் திரும்பித் தடுமாறியது. தலைக்குள் சிறிது களிமண் வைத்ததும் மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு வட்டமடித்தது. பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனாலும் வேலை முடிந்ததும் அவன் முகம் வாடியது. "பறக்காத ரொக்கெட் எதற்கு, சேர்?" என்றான். சேர் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார். அதே மூன்று சிறகுகள், அதே தலை, போத்தலின் அளவுக்குப் பெரிதாக. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாயில் சைக்கிள் வால்வு செருகிய றப்பர் அடைப்பான். நீண்ட குழாயோடு சைக்கிள் பம். உள்ளே அடைபட்ட காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், தண்ணீர் போத்தலை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி அங்கேயும் இதுதான், இங்கேயும் இதுதான். சோடாப் போத்தல் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. மெல்லிய தண்ணீர்ப் போத்தலை எடுக்காதீர்கள். காற்று அடித்த போத்தலுக்கு மேலே யாரும் குனியக் கூடாது.

சிறுபோக அறுவடை முடிந்த ஒரு வயலைத் தேர்ந்தெடுத்தோம். சேர் முதலில் வயல்காரரிடம் அனுமதி கேட்டார். பிறகு சுற்றியுள்ள வீடுகளுக்குப் பையனையே அனுப்பிச் சொல்லச் சொன்னார். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் பல வருடம் இருந்தவர். "சத்தம் வருமா தம்பி?" என்று கேட்டாராம். "இல்லையம்மா, தண்ணீர்தான் சீறும்" என்றிருக்கிறான் இவன். அவரும் வந்து வரம்பில் நின்றார். என் தங்கையும் வந்தாள். போத்தல் தென்னைமர உயரம் தாண்டி ஏறியபோது அந்த அம்மா சிரித்தார். தங்கையும் சிரித்தாள். அந்த வயலில் என் கண் கலங்கியதை மறைக்கவில்லை.

திரும்பும் வழியில் அவனுக்கு அப்துல் கலாம் அவர்களின் கதையைச் சொன்னேன். நமக்கு எதிர்க்கரையான இராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்தவர். அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, திப்பு சுல்தானின் படை ஆங்கிலேயர் மீது ரொக்கெட் ஏவும் ஓவியம் அங்கே தொங்கக் கண்டு பெருமைப்பட்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1963 நவம்பர் 21இல் தும்பாவில் இந்தியாவின் முதல் ரொக்கெட் ஏவப்பட்டபோது அதைப் பொருத்தும் பொறுப்பும் பாதுகாப்புப் பொறுப்பும் அவருடையவை. ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்தை அதன் ஆயர் மனமுவந்து கொடுக்க, அதுவே வேலைத்தலம் ஆனது. பளுதூக்கி பழுதாகி ரொக்கெட் சாயத் தொடங்கியதும், எல்லோரும் சேர்ந்து கையாலேயே தூக்கி நிறுத்தினார்கள். அவர்களில் யார் எந்த மதம் என்று அந்த ரொக்கெட் கேட்கவில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஆபத்தானது இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆனால் ஆசையையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். தெரிந்த ஒருவரிடம் அழைத்துப் போங்கள். அந்த ஒருவர் பக்கத்து ஊரில், வேறு பள்ளிக்கூடத்தில், வேறு சமூகத்தில் இருக்கலாம். அங்கேயும் போங்கள்.

அந்தச் சிவப்பு ரொக்கெட் இப்போது தங்கையின் வீட்டு அலுமாரி மேல் நிற்கிறது. தூசி தட்டுவது அவள்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.