பல்லை ஆட்டியது யார்?

ஈறில் ரத்தம் வருகிறது என்று திருத்தங்கலிலோ சாத்தூரிலோ ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "கிளீன் பண்ண மட்டும் போயிராதீங்க மதினி, பல்லு ஆடிரும்" என்று பக்கத்திலிருந்து உடனே பதில் வரும். பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையிலும் இதே பேச்சு. அச்சகத்திலும், விருதுநகர் பஜாரின் மண்டிக் கடைகளிலும் இதே பேச்சு. படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை, பிரியத்தில்தான் தடுக்கிறார்கள். அந்தப் பிரியம் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கோபத்தோடு எழுதுகிறேன்.

பல் ஆடுவது பெரும்பாலும் அதைத் தாங்கும் எலும்பு கரைவதால். பல்லின் மேல் நாள்தோறும் படியும் மெல்லிய படலம் முழுக்கக் கிருமிகள். துலக்காமல் தங்கவிட்டால் அது எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தை வாங்கிச் சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். அதுதான் காரை. காரையின் சொரசொரப்பில் இன்னும் கிருமிகள் குடியேறும். ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால், கிருமிகளோடு உடம்பு நடத்தும் சண்டையிலேயே எலும்பு கரையத் தொடங்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கு நலமான வாயில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம். அது 5, 6, 7 என்று இறங்கும்போதும் பெரும்பாலும் வலி இருக்காது. வலிக்காததை நோயென்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

"கிளீன் பண்ணின மறுநாளே எனக்குப் பல் ஆடியதே, அது பொய்யா?" என்று கேட்பவர்கள் உண்டு. பொய் இல்லை. அவர்கள் உணர்ந்தது உண்மை, காரணமாக நினைத்ததுதான் தவறு. கண்மாய்க் கரையில் நிற்கும் பனையை நினைத்துக்கொள்ளுங்கள். வேரடி மண்ணைத் தண்ணீர் பல வருடமாக அரித்துவிட்டது. சுற்றிலும் அடைந்துகிடக்கும் குப்பையும் சேறும் மரத்தை அசையாமல் பிடித்திருக்கின்றன. குப்பையை அள்ளியதும் மரம் ஆடினால், மண்ணை அரித்தது அள்ளியவனா? பல்லுக்குப் பல் பாலமாக இறுகிக் கிடக்கும் காரையும் அப்படித்தான் ஆடும் பல்லைக் கட்டிவைத்திருக்கிறது. அதை எடுத்ததும் எப்போதோ தொடங்கிய ஆட்டம் தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றுவதால் பல்லிடுக்கில் சந்து தெரிகிறது. மூடியிருந்த வேர் வெளியே வருவதால் சில நாட்கள், சில வாரங்கள்கூடத் தண்ணீர் பட்டால் கூசுகிறது. இந்த மூன்றையும் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடும் பல் டாக்டர்கள் நம் பக்கம் குறைவு. இடுக்கை அளக்காமல், எக்ஸ்ரேயைக் காட்டாமல், ஒரே உட்காரலில் தேய்த்து அனுப்பிவிட்டால், வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்ப்பவர் வேறென்ன முடிவுக்கு வருவார்? இந்த நம்பிக்கையை வளர்த்ததில் அந்த டாக்டர்களுக்கும் பங்கு உண்டு.

சிகிச்சைதான் பல்லை ஆட்டுகிறது என்றால், சிகிச்சையே தொடாத வாயில் பல் உறுதியாக இருக்க வேண்டும் அல்லவா? இதை ஒருவர் பார்த்திருக்கிறார், அதுவும் தமிழர்களின் வாயில். நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற ஈறு நோய் ஆய்வாளர் 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தொழிலாளர்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். எல்லோரும் ஆண்கள், மலையகத் தமிழர்கள், இங்கிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பிரஷ் பழக்கம் கிடையாது. பல் மருத்துவம் எட்டியே பார்க்காத லயன் வீடுகள். காரை எடுக்கும் கருவி அவர்கள் பல்லில் பட்டதே இல்லை. பல் சொத்தை ஏறக்குறைய இல்லாதவர்கள் வேறு. அப்படியிருந்தும் பற்கள் விழுந்தன. நூற்றில் எட்டுப் பேருக்கு நோய் வேகமாகப் பரவி, 45 வயதை எட்டும்போது பல் முழுவதும் போய்விட்டது. 81 பேருக்கு மெதுவாக அரித்தது, அவர்களுக்கும் முப்பதைத் தாண்டியபின் பல் விழத் தொடங்கியது. சொத்தையில்லாத நல்ல பல், யாரும் கை வைக்காத பல், வேரோடு ஆடி விழுந்தது. இதற்கு எந்தப் பல் டாக்டரைக் குற்றம் சொல்வது?

மீதி 11 பேருக்குப் பல் எதுவும் விழவில்லை. "எங்க பாட்டி வேப்பங்குச்சிகூடத் தொட்டதில்ல, எண்பது வயசுல சாத்தூர் சேவைக் கடிச்சுச் சாப்பிட்டா" என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை இருக்கிறதே, அந்தப் பாட்டியும் இந்தப் பதினொரு பேரின் ரகம். அவருடைய உடம்பின் வாகு அது. பேரனுக்கு அது வந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. இடுக்கை அளந்துதான் சொல்ல முடியும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். சுவீடனில் கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் 1970களின் தொடக்கத்திலிருந்து 30 ஆண்டுகள் ஒரு கூட்டத்துக்கு முறையாகப் பல் சுத்தம் செய்து, துலக்கும் முறையையும் கற்றுக்கொடுத்து வந்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. எந்த வயதுப் பிரிவிலும் 30 ஆண்டுகளில் ஒருவர் இழந்த பல் சராசரியாக இரண்டுகூட இல்லை. திரும்பத் திரும்பச் சுத்தம் செய்யப்பட்ட பற்கள் இவை.

ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தேய்க்காதே என்பது, கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்பதன் கூடப்பிறந்த நம்பிக்கை. இதற்கும் லோவே பதில் சொல்லியிருக்கிறார். 1965இல் வெளியான அவருடைய டென்மார்க் ஆய்வில் 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் சரியானது. ரத்தம் வரும் இடம்தான் பிரஷ் அதிகம் போகவேண்டிய இடம். மென்மையான பிரஷ் போதும். செங்கல் பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்க்குமே தவிர இடுக்குக்குள் இறங்காது.

சிகிச்சைக்குப் பயந்து ஒளிய ஒன்றுமில்லை. காரை எடுக்கும் கருவி மிக நுண்ணிய அதிர்வில் காரையை உடைக்கிறது, கூடவே தண்ணீர் பீய்ச்சுகிறது. எனாமலைச் சுரண்டி எடுப்பதில்லை. இடுக்கு ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேரைச் சுத்தம் செய்வார்கள். ஆறு, எட்டு வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஆழம் குறையாத இடங்களுக்குத்தான் ஈறைத் திறந்து செய்யும் சிறு அறுவை. தையல் ஒரு வாரம், பத்து நாளில் பிரிக்கப்படும். அறுவை நடந்த அன்று வாயை வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. ஆறின இட்லி, தயிர்ச்சோறு, கஞ்சி. சேவும் முறுக்கும் தள்ளி வைக்க வேண்டும். கொப்பளிக்கக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் கரைசலால் பல்லில் பழுப்பு படியலாம், பிறகு எடுத்துவிடலாம். கரைந்த எலும்பு பெரும்பாலும் முழுதாக வளராது. ஆனால் ஈறு இறுகும், சீழ் நிற்கும், வாய் நாற்றம் போகும், லேசாக ஆடிய பல் பல சமயம் நின்றுவிடும். அதன்பின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போகத்தான் வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இதில் இன்னொரு லாபம்: ஈறு நோய் அடங்கினால் சர்க்கரையின் சராசரி அளவும் ஓரளவு இறங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

புகையிலையையும் சொல்லியாக வேண்டும். பயர் ஆபீஸுக்குள் பீடியும் தீப்பெட்டியும் கொண்டுபோக முடியாது. அதனால் கன்னத்தில் புகையிலை அடக்குபவர்கள் இருக்கிறார்கள். அடக்கிய இடத்தில் ஈறு கீழிறங்கும். வெளியே வந்து புகைப்பவர்களுக்கு வேறு ஆபத்து. புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் வராது. "எனக்குத்தான் ரத்தமே வரலையே" என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

பல் டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும் என்ற தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. அதை மூடநம்பிக்கை என்று தள்ளவும் மாட்டேன். அதற்கு வழி இருக்கிறது. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கின்றன, பிறகுதான் பூஜை போட்டுத் திறக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஆலை உரிமையாளர்கள் அரசு மருத்துவமனை, இ.எஸ்.ஐ. பல் பிரிவுகளோடு பேசித் தொழிலாளர்களுக்கு ஈறு பரிசோதனை நடத்தட்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு இருக்கட்டும், எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் இடுக்கு என்று தமிழில் எழுதி. சுத்தம் செய்து ஆறு வாரம் கழித்து அளந்த எண்ணையும் அதே சீட்டில் டாக்டர் எழுதட்டும். ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரை எடுக்கும் முன்பே தொட்டுக் காட்டி, "இது இப்பவே ஆடுது அண்ணாச்சி" என்று சொல்லி, அதையும் அந்தச் சீட்டில் குறித்துக் கொடுக்கட்டும்.